அப்டேட் ஏன் எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை?

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு போன்கள். அக்கா போனில் ஒரு செயலி புது முகப்போடு திறக்கிறது. தம்பி போனில் அதே செயலி இன்னும் பழைய முகப்போடுதான் இருக்கிறது. "என் போன்ல மட்டும் ஏன் வரல? போன்ல ஏதாச்சும் கோளாறா?" என்று அவர் கேட்கிறார். கோளாறு ஒன்றும் இல்லை. அவருடைய முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

தொழில் நடத்துபவர்களுக்கு இதே விஷயம் வேறு வடிவில் வருகிறது. திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாரியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்து காத்திருக்கிறார். அலுவலகத்தில் பில்லிங் சாப்ட்வேர் இரவோடு இரவாக அப்டேட் ஆகியிருக்கிறது. "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தாங்க ஓடுச்சு, இப்ப பில்லே வரமாட்டேங்குது" என்கிறார் கணக்கு பார்ப்பவர். வே பில் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்ட முடியாது. வண்டி வாடகை, ஆள் கூலி, வாங்குபவரிடம் கெட்ட பெயர் என்று எல்லாமே அந்த ஒரு அப்டேட்டில் தொங்குகின்றன.

புதிய மென்பொருளை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தராமல், கொஞ்சம் கொஞ்சமாக, படிப்படியாகத் தருவதற்கு ஒரு முறை இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, நம் மாவட்டத்துத் தொழில்கள் அதை ஏற்கெனவே எப்படிச் சந்தித்திருக்கின்றன, உங்கள் கடையிலும் போனிலும் அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதைப் பார்ப்போம்.

ஏன் படிப்படியாக? இரண்டு காரணங்கள்

முதல் காரணம் நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானை முழுவதையும் கொட்டிப் பார்த்து யாரும் வெந்ததா என்று சோதிப்பதில்லை. மென்பொருள் நிறுவனமும் புதுப் பதிப்பை முதலில் நூற்றில் ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்கிறது. செயலி திடீரென மூடிக்கொள்கிறதா, பேட்டரி சீக்கிரம் தீர்கிறதா, பணம் அனுப்பும்போது தடைபடுகிறதா என்று கவனிக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் நூற்றில் ஐந்து, பத்து, ஐம்பது என்று கூட்டிக்கொண்டே போகிறது. தவறு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறது. நூறு பேருக்குப் போயிருக்க வேண்டிய தொல்லை ஒருவரோடு நின்றுவிடும்.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. பானையில் இருப்பது ஒரே அரிசி. நம் கைகளில் இருக்கும் போன்களோ பல ரகம். விலை குறைந்த பழைய போன், நேற்று வந்த புது போன், இடம் நிரம்பிப்போன போன், நெட் சரியாகக் கிடைக்காத ஊரில் இருக்கும் போன் எல்லாமே கலந்திருக்கின்றன. அதனால் முதல் சுற்றில் யார் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். அந்த ஒரு சதவீதத்தில் எல்லா ரகமும் கலந்திருந்தால்தான் பதம் சரியாகத் தெரியும்.

இரண்டாவது காரணத்தைத் திருவாலங்காடு பகுதிக் கரும்பு விவசாயிகளுக்கு விளக்கவே தேவையில்லை. அங்குள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கரும்பைப் பதிவு செய்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அரைக்க முடியும் என்று ஆலைக்கு ஓர் அளவு உண்டு. மிச்சக் கரும்பு வண்டியிலேயே காயும், எடை குறையும். அதனால்தான் முறை வைத்து வெட்டு உத்தரவு தருகிறார்கள். கணினி சர்வருக்கும் இதே கதைதான். ஒரே காலையில் லட்சக்கணக்கானவர்கள் உள்ளே நுழைந்தால் அது திணறி நின்றுவிடும்.

ஆக, ஒன்று பதம் பார்ப்பது, இன்னொன்று பாரத்தைப் பிரித்துச் சுமப்பது. படிப்படியான வெளியீடு எங்கு நடந்தாலும் அதன் பின்னால் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும்.

மென்பொருளுக்கு மட்டும்தான் இந்த வழி என்றில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. சமைப்பது, கொண்டு சேர்ப்பது, கணக்கு வைப்பது எல்லாம் அங்கே பழகிய பிறகு, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கான அடுத்த கட்டம் 2024 ஜூலை 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பணப் பரிமாற்றத்துக்கு நாம் தினமும் பயன்படுத்தும் யு.பி.ஐ.யும் அப்படித்தான் வந்தது. 2016 ஏப்ரல் 11 அன்று 21 வங்கிகளோடு சோதனையாகத் தொடங்கி, ஆகஸ்ட் 25-க்குப் பிறகுதான் வங்கிகளின் செயலிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன.

வே பில்: நம் சாலையில் நடந்த பாடம்

சரக்கு வண்டிகளுக்கான மின்னணு வே பில், படிப்படியான வெளியீட்டின் அருமையை நாட்டுக்கே காட்டிக்கொடுத்தது. முதலில் 2018 பிப்ரவரி 1 அன்று, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு நாடு முழுவதும் ஒரே நாளில் அதைக் கட்டாயமாக்கத் திட்டமிட்டார்கள். அதற்கு முன்பே சோதனை ஓட்டமும் நடந்தது. ஆனால் அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் இணையதளத்துக்குள் நுழைந்ததும் தளம் திணறியது. பில் எடுக்க முடியாமல் வண்டிகள் நின்றன. அன்றே கட்டாயத்தைத் தள்ளி வைத்தார்கள்.

பிறகு 2018 மார்ச் 10 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் வேறு வழியை எடுத்தது. மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு ஏப்ரல் 1 முதல் கட்டாயம். மாநிலத்துக்குள்ளேயே போகும் சரக்குக்கு மாநிலங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கர்நாடகம் ஏப்ரல் 1-லேயே தொடங்கியது. ஏப்ரல் 15 அன்று ஆந்திரம், தெலங்கானா, கேரளம், குஜராத், உத்தரப் பிரதேசம் சேர்ந்தன. அடுத்தடுத்த வாரங்களில் மற்ற மாநிலங்கள் சேர்ந்தன. தமிழ்நாட்டில் ஜூன் 2 அன்று வந்தது. ஜூன் 3-க்குள் நாடு முழுவதும் முடிந்தது. பிப்ரவரியில் ஒரே நாளில் முடியாத வேலை, சுமார் இரண்டு மாதத்தில் பெரிய தடங்கல் இல்லாமல் முடிந்தது.

எல்லையோரம் இருப்பவர்களுக்கு இது எப்படி இருந்தது என்று பாருங்கள். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லிலிருந்து கம்பி ஏற்றிய லாரி, வடக்கே ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரத்துத் தடா பக்கம் போனால் ஏப்ரல் 1 முதலே வே பில் வேண்டும். அதே கம்பி, அதே விலை, தெற்கே சென்னைக்குப் போனால் ஜூன் 2 வரை வேண்டாம். ஒரே கேட்டிலிருந்து புறப்படும் இரண்டு வண்டிகளுக்கு இரண்டு விதி! அந்த இரண்டு மாதம் நிறைய பேருக்குக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இன்னொரு கோணத்தில் அது பயிற்சிக் காலம். வெளி மாநிலத்துக்குப் போகும் சில வண்டிகளில் கை பழகிய ஊழியர், ஜூன் மாதம் எல்லா வண்டிக்கும் பில் போட வேண்டி வந்தபோது தடுமாற வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு மதிப்பு வரம்பையும் ரூ.50,000 என்பதிலிருந்து ரூ.1 லட்சமாக மாநில அரசு உயர்த்திக் கொடுத்தது. சிறிய சரக்குகள் அதனால் தப்பித்தன, தளத்தின் பாரமும் குறைந்தது.

இ-இன்வாய்ஸ்: பெரியவரிலிருந்து சிறியவர் வரை

வே பில்லில் கற்ற பாடம் இ-இன்வாய்ஸில் நன்றாகவே தெரிகிறது. வியாபாரிக்கு வியாபாரி போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து, தனி எண்ணும் க்யூ.ஆர். குறியீடும் பெறும் முறை இது. இங்கே ஊர் வாரியாகப் பிரிக்காமல், ஆண்டு விற்றுமுதல் வாரியாகப் பிரித்தார்கள்:

- ரூ.500 கோடிக்கு மேல்: 2020 அக்டோபர் 1
- ரூ.100 கோடிக்கு மேல்: 2021 ஜனவரி 1
- ரூ.50 கோடிக்கு மேல்: 2021 ஏப்ரல் 1
- ரூ.20 கோடிக்கு மேல்: 2022 ஏப்ரல் 1
- ரூ.10 கோடிக்கு மேல்: 2022 அக்டோபர் 1
- ரூ.5 கோடிக்கு மேல்: 2023 ஆகஸ்ட் 1

பெரிய நிறுவனங்களில் தனிக் கணினிப் பிரிவே இருக்கும். பிழை வந்தால் அன்றே சரிசெய்ய ஆள் உண்டு. அவர்கள் முதலில் இறங்கினார்கள். அவர்களுக்கே முதல் மாதத்தில் சலுகை கிடைத்தது. 2020 அக்டோபரில் பதிவு எண் இல்லாமல் போட்ட பில்களுக்கு, 30 நாளுக்குள் எண் பெற்றுவிட்டால் அபராதம் இல்லை என்றார்கள். அக்கவுண்டன்ட் ஒருவரை மட்டும் நம்பி ஓடும் பட்டறைகளின் முறை வருவதற்குள் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் கிடைத்தன. அதற்குள் கணக்கு மென்பொருள்கள் எல்லாம் இந்த வசதியைச் சேர்த்துக்கொண்டன. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்து நிறுவனமும் இருந்தது.

வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் நுழைய பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கேட்பதும் இப்படித்தான் வந்தது. ரூ.100 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு 2023 ஆகஸ்டிலும், ரூ.20 கோடிக்கு மேல் 2025 ஜனவரி 1, ரூ.5 கோடிக்கு மேல் பிப்ரவரி 1, மற்ற எல்லோருக்கும் ஏப்ரல் 1 என்றும் கட்டாயமானது. "ஓ.டி.பி. முதலாளி போனுக்குப் போகுது, அவர் வெளியூர்ல இருக்கார், வண்டி நிக்குது" என்ற சிக்கலுக்கும் வழி இருக்கிறது. பில் போடும் ஊழியரைத் துணைப் பயனராகச் சேர்த்து, அவருடைய சொந்த மொபைல் எண்ணைப் பதிந்துவிட்டால் ஓ.டி.பி. அவருக்கே போகும்.

‘சேனல்’ என்றால் என்ன?

இதுவரை பார்த்த வரிசையை நிறுவனமோ அரசோ தீர்மானித்தது. சில மென்பொருள்களில் எந்த வரிசையில் நிற்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்த வரிசைகளுக்குத்தான் ‘ரிலீஸ் சேனல்’ என்று பெயர்.

கூகுள் குரோம் பிரவுசரை எடுத்துக்கொண்டால் அதில் நான்கு சேனல்கள் இருக்கின்றன. கேனரி என்பதில் புதுமை உடனுக்குடன் வரும், உடைந்தும் போகும். அடுத்து டெவ், பிறகு பீட்டா. கடைசியாக ஸ்டேபிள், அதாவது எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் நிலையான பதிப்பு. கேனரி என்பது ஒரு சிறு பறவையின் பெயர். ஒரு காலத்தில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் அந்தப் பறவையைக் கூண்டில் வைத்து எடுத்துப்போவார்கள். நச்சு வாயு இருந்தால் மனிதர்களுக்கு முன் பறவை துவண்டுவிடும், ஆட்கள் வெளியே ஓடிவிடுவார்கள். முதல் அடியை வாங்கிக்கொள்ளும் சேனலுக்கு அதனால் அந்தப் பெயர்.

மைக்ரோசாப்ட் 365 பயன்படுத்தும் அலுவலகங்களுக்கும் சேனல்கள் உண்டு. ‘கரண்ட்’ சேனலில் புது வசதி தயாரானதும் வந்துவிடும். ‘மன்த்லி என்டர்பிரைஸ்’ சேனலில் மாதம் ஒருமுறை, இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். எந்த நாளில் மாறும் என்று முன்கூட்டியே தெரிவது அலுவலகங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஆப்பிள் ஆப் ஸ்டோரில் செயலி தயாரிப்பவர் படிப்படியான வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால், தானாக அப்டேட் ஆகும் போன்களுக்கு ஏழு நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று போகும். கூகுள் பிளே ஸ்டோரில் எத்தனை சதவீதம் என்பதைத் தயாரிப்பவரே வைத்துக்கொள்ளலாம், தவறு தெரிந்தால் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தினால் புதிதாக யாருக்கும் போகாது என்பதுதான் பொருள். ஏற்கெனவே வாங்கியவர் போனில் அந்தப் பதிப்பு அப்படியே இருக்கும், அடுத்த திருத்தம் வரும் வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. கணினியில் ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ பொத்தானை அடிக்கடி அழுத்துபவர் வரிசையில் தானாகவே முன்னால் போய்விடக்கூடும். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வந்தபோது, முதலில் அந்தப் பொத்தானை அழுத்தித் தேடியவர்களுக்குத்தான் கிடைத்தது. அவர்களில் சிலருடைய கோப்புகள் அழிந்துபோயின. சில நாளிலேயே வெளியீட்டை நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி விட்டார்கள். அவசரம் இல்லாத அலுவலகக் கணினியில் அந்தப் பொத்தானைத் தேடிப்போய் அழுத்த வேண்டாம்.

படிகளைத் தாண்டிக் குதித்தால்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் நம் நேரப்படி காலை 9.39-க்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. வாங்கிய விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்று, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. 10.57-க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். இடையில் 78 நிமிடங்கள்தான். அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. விமானங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் என்று பாதிப்பு பரவியது. சென்னையிலும் விமானங்கள் தாமதமாயின, சில ரத்தாயின. நாட்டின் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மென்பொருளில் ‘எங்களுக்குப் புதுப் பதிப்பு உடனே வேண்டாம், ஒரு பதிப்பு பின்னாலேயே இருக்கிறோம்’ என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. பல நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருந்தன. ஆனால் அந்தத் தேர்வு மென்பொருளுக்கு மட்டும்தான். அன்று வந்தது மென்பொருளின் புதுப் பதிப்பு இல்லை, அது படித்துக்கொள்ளும் தகவல் கோப்பு. அந்தக் கோப்பு படிகள் எதையும் ஏறாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த மாதிரி. இனி இத்தகைய கோப்புகளையும் படிப்படியாகவே அனுப்புவோம் என்று அந்த நிறுவனம் பிறகு அறிவித்தது.

உங்கள் பில்லிங் மென்பொருளை வாங்கும்போதும் இதைக் கேளுங்கள்: "அப்டேட்டை நான் தள்ளிப்போட முடியுமா? முடியும்னா எல்லாத்தையுமா, பாதியையா?"

‘அப்டேட்டே வேண்டாம்’ என்று இருக்கலாமா?

இதையெல்லாம் படித்துவிட்டு, "எதுக்கு வம்பு, பழசே போதும்" என்று நினைக்க வேண்டாம். அது இன்னும் பெரிய வம்பு.

வானாக்ரை என்ற கணினி வைரஸ் 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டது. பக்கத்து ஆந்திரத்தில் காவல் துறைக் கணினிகள் சிலவும் அதில் சிக்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள். ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று விட்டவர்கள் மாட்டினார்கள்.

ஆகவே அப்டேட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பாதுகாப்பு அப்டேட் வந்தால் சில நாளுக்குள் போட்டுவிட வேண்டும். புது வசதி, புது முகப்பு தரும் அப்டேட் என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுத்து, மற்றவர்கள் அனுபவத்தைக் கேட்டுவிட்டுப் போடலாம். மூன்றாவதாக, சட்டம் தேதி குறித்த அப்டேட் என்று ஒன்றும் உண்டு. கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அந்த மாதிரி அப்டேட்டைத் தள்ளிப்போட முடியாது. கடைசித் தேதிக்கு முன்பே போட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னும் அதில் பில் போடுபவர்கள், கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பது நல்லது.

சிறு நிறுவனத்துக்கு ஏழு படிகள்

கணினிப் பிரிவு இல்லாத கடைக்கும் பட்டறைக்கும் இது போதும். மூன்று கணினி இருந்தாலே செய்யலாம்.

1. எந்தெந்த மென்பொருள் என்று எழுதி வையுங்கள். பில்லிங், எடைமேடை, சம்பளம், சி.சி.டி.வி., பிரிண்டர் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எது நின்றால் வண்டி நிற்கும் என்று ஒரு குறி போடுங்கள்.

2. ஒரு கணினியை முன்னோடியாக வையுங்கள். அப்டேட் எப்போதும் முதலில் அதில்தான். கேட்டில் பில் போடும் கணினி கடைசியில். முன்னோடிக் கணினியில் தினமும் உண்மையான வேலை நடக்க வேண்டும். மூலையில் சும்மா கிடக்கும் கணினியில் பிழை தெரியாது.

3. முதலில் பேக்அப். கணக்கை பென் டிரைவிலோ தனி ஹார்டு டிஸ்கிலோ எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். அந்த பேக்அப் திறக்கிறதா என்று ஒருமுறை திறந்தும் பாருங்கள். பல கணக்கு மென்பொருள்களில், புதுப் பதிப்புக்கு மாற்றிய கணக்கைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. திரும்பி வர ஒரே வழி அந்த பேக்அப்தான்.

4. நாள் பார்த்துப் போடுங்கள். மாத ரிட்டன் போடுபவர்களுக்கு 11, 20 தேதிகள், காலாண்டு முறையில் இருப்பவர்களுக்கு 13, 22 தேதிகள், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டும் 15-ஆம் தேதி, மாதக் கடைசி, சம்பள நாள் ஆகியவற்றுக்கு முந்தைய இரண்டு நாளில் அப்டேட் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம். சனி, ஞாயிறில் உதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

5. மாதிரிக் கணக்கில் சோதியுங்கள். சோதனைக்கென்று தனியாக ஒரு மாதிரி நிறுவனம் உருவாக்கி, அதில் பில் போட்டு, அச்செடுத்து, வரி சரியாக வருகிறதா என்று பாருங்கள். நிஜத் தளத்தில் சோதனை இ-இன்வாய்ஸ் போடாதீர்கள். தவறி ஒன்று போட்டுவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாக வேண்டும். வே பில்லுக்கும் அதே 24 மணி நேரம்தான்.

6. இரண்டு மூன்று நாள் பொறுங்கள். முன்னோடிக் கணினியில் ஒரு வாரச் சுற்று ஓடினால் இன்னும் நல்லது. அதைப் பயன்படுத்துபவர் சொல்லும் சின்னக் குறையையும் கேளுங்கள். "கொஞ்சம் ஸ்லோவா இருக்கு சார்" என்பதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி.

7. மாற்று வழி தயாராக இருக்கட்டும். பில்லிங் மென்பொருள் நின்றாலும் வே பில்லை அரசு இணையதளத்தில் நேரடியாக எடுக்கலாம். அதன் பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. போகும் எண் ஆகியவை பில் போடும் ஊழியருக்குத் தெரிந்திருக்கிறதா? மாதம் ஒருமுறையாவது அவரை அந்த வழியில் ஒரு பில் எடுக்கச் சொல்லுங்கள். அவசரம் வரும் அன்று கை நடுங்காது.

போன் வைத்திருக்கும் எல்லோருக்கும்

பிளே ஸ்டோரில் சில செயலிகளின் பக்கத்தில், கீழே ‘பீட்டா’வில் சேரலாம் என்று இருக்கும். ஆர்வம் இருந்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் அதே இடத்தில் விலகலாம். ஆனால் வங்கிச் செயலி, பணம் அனுப்பும் செயலி போன்றவற்றில் பீட்டா வேண்டாம். வீட்டில் ஒரே போன்தான், அதில்தான் பிள்ளைகளின் பள்ளித் தகவலும் கேஸ் பதிவும் பணமும் என்றால், நிலையான பதிப்போடு இருப்பதே நல்லது.

மற்றவர்களுக்கு வந்த வசதி உங்களுக்கு வரவில்லை என்றால் பொறுங்கள். இந்த இடத்தில்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். "உங்க பேங்க் ஆப் அப்டேட் ஆகல, இந்த லிங்க்ல டவுன்லோட் பண்ணுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு வரும். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவரைக் குறிவைத்து வீசும் தூண்டில் அது. வங்கியோ அரசுத் துறையோ ஏ.பி.கே. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி அப்டேட் செய்யச் சொல்லாது. செயலிகளை பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாக மட்டுமே அப்டேட் செய்யுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அடிக்கடி வரும் கேள்விகள்

*எங்கள் தெருவில் எல்லோருக்கும் புது வசதி வந்துவிட்டது. நான் ஏதாவது தவறு செய்தேனா?*
இல்லை. முதல் சுற்றில் வருபவர்களைப் பெரும்பாலும் குலுக்கல் மாதிரிதான் தேர்ந்தெடுக்கிறார்கள். போனில் இடம் காலியாக இருக்கிறதா, தானியங்கி அப்டேட் இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

*அப்டேட்டில் பிழை இருப்பது எனக்குத் தெரிந்தால்?*
சொல்லுங்கள். செயலிக்குள் இருக்கும் ‘கருத்து’ பகுதியிலோ உதவி எண்ணிலோ, எந்தப் போன், எந்தத் தேதி, எந்த இடத்தில் நின்றது என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள். முதல் ஒரு சதவீதத்தில் இருப்பவர் சொன்னால்தான் மீதி 99 சதவீதம் தப்பிக்கும்.

*ஜி.எஸ்.டி. தளத்தில் சிக்கல் என்றால்?*
ஜி.எஸ்.டி. உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 1800-103-4786. தளத்தில் புகாராகவும் பதியலாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் தாமதத்துக்குக் காரணம் கேட்டால் அது கைகொடுக்கும்.

அடுத்த மாதத்து அப்டேட் வருவதற்குள் ஒரே ஒரு வேலையை முடித்துவிடுங்கள்: உங்கள் கடைக் கணக்கின் பேக்அப்பை இன்றே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால், மற்ற படிகளை நிதானமாக ஏறலாம்.